பழைய பைக் புகை தள்ளுதா? ரிங் மாத்தணுமா, சீல் மட்டும் போதுமா... இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் படிங்க!

செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். ஆனால், கோட்டைக்குக் கீழே ஊருக்குள் வந்தால் கதை வேறு. இங்கே குதிரையின் இடத்தில் அப்பாவின் பழைய ஸ்பிளெண்டர், அண்ணனின் ஆர்.எக்ஸ் 100, தாத்தா காலத்து புல்லட். நெல் மூட்டை ஏற்றவும், திண்டிவனம் காலேஜுக்குப் போகவும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிளம்பவும் அதே வண்டிதான்.

அந்த வண்டி ஒருநாள் பின்னால் புகை தள்ள ஆரம்பிக்கும். உடனே யாராவது, "ரிங் போயிடுச்சு தம்பி, இன்ஜினை இறக்கணும்" என்பார்கள். உண்மையிலேயே ரிங்தானா? சில நேரம் ஒரு சின்ன ரப்பர் சீல்தான் வில்லனாக இருக்கும். இரண்டுக்கும் ஆகிற செலவுக்கு நடுவே பெரிய வித்தியாசம் உண்டு.

ரிங் என்னதான் செய்யுது?

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். அதை அடைப்பதுதான் ரிங்கின் வேலை. ஸ்பிளெண்டர் மாதிரி 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள் கம்ப்ரஷனைத் தாங்கும். மூன்றாவது ஆயில் ரிங். சுவரில் இருக்கும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது அதுதான். ஆர்.எக்ஸ் 100 மாதிரி 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் ரிங்கே கிடையாது, இரண்டு கம்ப்ரஷன் ரிங் மட்டும்தான்.

ஸ்பிளெண்டரின் ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்-ல் ஓடினால், ஒரு நிமிஷத்தில் ரிங் சிலிண்டர் சுவரில் உரசிப் போகும் தூரம் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 கி.மீ. இத்தனை வருஷம் தேயாமல் இருந்தால்தான் ஆச்சர்யம்!

இதில் தூசி சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல் காய்கிற ஊர் இது. வைக்கோல் தூசியும் செம்மண்ணும் ஏர் ஃபில்டரை அடைக்கும். கிழிந்த ஃபில்டரோடு ஓட்டினால், உள்ளே போகிற மண்ணே உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

புகையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

* கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ரிங் மேல் பழி போடாதீர்கள்.

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, அப்புறம் குறைந்துவிடுகிறது: 4 ஸ்ட்ரோக்கில் வால்வ் சீல் மேல்தான் முதல் சந்தேகம். ஜவ்வாது மலையிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மூடியபடியே இறங்கி, கீழே வந்து முறுக்கும்போது குபீரென்று புகை வந்தாலும் இதே சந்தேகம்தான்.

* முறுக்க முறுக்க நீலப் புகை, பிக்கப் இல்லை, ஆயிலும் குறைகிறது: ரிங் அல்லது சிலிண்டர் போர் தேய்ந்திருக்கலாம்.

* 2 ஸ்ட்ரோக்கில் அடர்த்தியான வெள்ளைப் புகை, கியர் ஆயிலும் குறைகிறது: கிளட்ச் பக்கத்து கிரேங்க் சீல் வழியாக கியர் ஆயில் உள்ளே போகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல டெஸ்ட் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்ரஷன் கேஜ் போட்டு உதையுங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, திரும்ப உதையுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு இருக்கலாம்.

2 ஸ்ட்ரோக் ஓட்டுறவங்க கவனத்துக்கு!

மேக்னெட் பக்கத்து கிரேங்க் சீல் போனால் புகையே வராது. அதுதான் ஆபத்து. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போகும், பெட்ரோலும் அதில் கலந்து வருகிற 2டி ஆயிலும் காற்றின் அளவுக்குப் போதாமல் போகும். ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், இன்ஜின் அதிகமாகச் சூடாகும். கடைசியில் பிஸ்டன் சீஸ் ஆகிப் பின் சக்கரமே லாக் ஆகலாம். லாரி, பஸ் ஓடுகிற திண்டிவனம் ரோட்டில் இது உயிர் போகிற விஷயம். ஓடும்போது திடீரென இழுவை குறைந்து இன்ஜின் இறுகுவது மாதிரி தெரிந்தால், முதலில் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

ரிங் மட்டும் மாத்தினா போதுமா?

சிலிண்டரில் கோடு விழாமல், போர் வட்டமாகவும் அளவுக்குள்ளும் இருந்தால் மட்டும்தான் போதும். மேலே ஒரு விளிம்பு நகத்தில் தட்டினாலோ, போர் நீள்வட்டமாகி இருந்தாலோ புது ரிங் போட்டும் பயனில்லை. கொஞ்ச நாளில் திரும்பவும் புகை வரும்.

அப்போது லேத் பட்டறையில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ எனப் படிப்படியாகக் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய் அதற்கு ஏற்றபடி போர் பண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் ஹோனிங் செய்து, சுவரில் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் நிற்பதும் ரிங் படிவதும் அந்தக் கோடுகளால்தான்.

மெக்கானிக் பக்கத்துல நின்னு கவனிக்க வேண்டியவை

1. புது ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 50 மி.மீ போருக்கு சுமார் 0.2 மி.மீ என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. இடைவெளி ரொம்பக் குறைந்தால் சூட்டில் முனைகள் மோதி ரிங் உடையும்.

2. ரிங்கில் எழுத்தோ புள்ளியோ இருந்தால் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும்.

3. 4 ஸ்ட்ரோக்கில் ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. 120 டிகிரி இடைவெளியில் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். 2 ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பள்ளத்திலேயே சின்ன பின் இருக்கும், ரிங் வாய் சரியாக அதில் உட்கார வேண்டும். மாறினால் போர்ட்டில் மாட்டி ரிங் உடைந்துவிடும்.

4. பிஸ்டன் பின்னைக் கழற்றும் முன் கிரேங்க் கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். லாக் உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டிவரும். பழைய லாக்கைத் திரும்பப் போடவே கூடாது.

5. சீலின் ஸ்பிரிங் இருக்கும் உதட்டுப் பக்கம் சாதாரணமாக ஆயிலைப் பார்த்து இருக்கும். உதட்டில் ஆயில் தடவி, அதே அளவு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி உட்கார வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தில் குத்தினால் புது சீலும் கசியும்.

கியர் ஷாஃப்ட், கிக்கர் ஷாஃப்ட் சீல்கள் கசிந்தால் பெரும்பாலும் இன்ஜினைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். ஆனால், கிளட்ச் பக்க கிரேங்க் சீலுக்கு சில மாடல்களில் கிரேங்க் கேஸையே பிரிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிஞ்ச பிறகு

முதல் 500 கி.மீ பொறுமை தேவை. மூட்டை ஏற்றாதீர்கள், ட்ரிபிள்ஸ் போகாதீர்கள். ஒரே வேகத்திலும் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் நன்றாகப் படியும். 4 ஸ்ட்ரோக்கில் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். உரசி வந்த இரும்புத்தூள் அதில்தான் இருக்கும்.

காசு போடும் முன் ஆர்.சி-யைப் பாருங்க

தனிப்பட்ட வாகனங்களுக்கு ஆர்.சி 15 வருஷம். அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது, 1994-ல் அறிமுகமான ஸ்பிளெண்டரின் முதல் வண்டிகளும் 30 வயதைத் தாண்டிவிட்டன. பேப்பர் சரியில்லாத வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பது வீண் செலவு. சிலிண்டர் பிளாக்கை மாற்றினால் பிரச்னையில்லை. ஆனால், இன்ஜின் நம்பர் பொறித்த கிரேங்க் கேஸை மாற்றினால் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய ரிங்கையும் சீலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சீலின் உதடு கல் மாதிரி இறுகிப்போயிருக்கிறதா, ரிங் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்தாலே, கொடுத்த காசு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறதா எனத் தெரிந்துவிடும்.