அலமாரியை மீட்ட பூட்டு: 1983க்குப் பிறகான அமெரிக்க வீடியோ கேம்

அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு ஏறத்தாழ 320 கோடி டாலர் அளவுக்கு நடந்த வீட்டு வீடியோ கேம் வணிகம், 1985இல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கிப் போயிற்று. விளையாட்டு மோகம் வந்த வேகத்தில் தணிந்துவிட்டது என்றே அன்றைய வணிகர் பலரும் இந்தச் சரிவுக்குக் காரணம் கூறினர். அந்தக் கணிப்பு தவறானது என்பதற்கு அதே ஆண்டுகளிலேயே போதிய சான்றுகள் இருந்தன. காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களில் கூட்டம் குறைந்தாலும் அற்றுப்போகவில்லை. கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டேயிருந்தனர். ஜப்பானிலோ 1983இல்தான் இத்துறை புதிதாகத் தழைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் உண்மையில் முறிந்தது, விளையாட்டைத் தயாரித்தவருக்கும் அதை வாங்கி அலமாரியில் அடுக்கிய கடைக்காரருக்கும் இடையே இருந்த நம்பிக்கை. ஆகவே இத்துறை மீண்ட வரலாற்றைக் கருவிகளின் திறனில் தேடுவதைக் காட்டிலும் கடை அலமாரியில் தேடுவதே பொருந்தும்.

தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி கன்சோல் எனப்படும்; ஒவ்வொரு விளையாட்டும் பதியப்பட்ட நினைவகச் சில்லைத் தன்னுள் கொண்டு, கன்சோலின் துளையில் செருகப்படும் பிளாஸ்டிக் பெட்டி கேட்ரிட்ஜ் எனப்படும். அட்டாரி நிறுவனம் 1977இல் வெளியிட்டு, பின்னர் அட்டாரி 2600 என்று பெயர் மாற்றிய கன்சோல்தான் இந்தக் கேட்ரிட்ஜ் முறையை அமெரிக்க வீடுகளில் வேரூன்றச் செய்தது. அதன் துளையில் எவர் செய்த கேட்ரிட்ஜைச் செருகினாலும் அது இயங்கியது. இது ஒரு குறை என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. அட்டாரிக்கு வெளியே அட்டாரிக்காக விளையாட்டு செய்யும் ஒரு நிறுவனம் தோன்றக்கூடும் என்பதையே எவரும் எண்ணிப் பார்த்திராத காலம் அது. தங்கள் பெயரும் உரிய பங்கும் மறுக்கப்பட்டதால் மனம் கசந்து அட்டாரியை விட்டு விலகிய டேவிட் கிரேன் முதலிய நான்கு நிரலாளர்கள், இசைத்துறையிலிருந்து வந்த ஜிம் லெவியுடன் சேர்ந்து 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். அட்டாரி வழக்குத் தொடுத்தது. ஆயினும் 1982இல் அது சமரசத்தில் முடிந்து, வெளியார் விளையாட்டுகளுக்கு வழி திறந்துவிட்டது.

ஆக்டிவிஷன் செய்தவை தேர்ந்த விளையாட்டுகள். அதன் வெற்றியைக் கண்டு பின்னால் வந்தவர்களுக்கோ அந்தத் தேர்ச்சி இல்லை. ஓட்ஸ் கஞ்சி விற்ற குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம்கூட விளையாட்டுப் பிரிவு ஒன்றை நடத்தியது என்றால் அன்றைய ஆசையின் அளவு புரியும். அமெரிக்கப் பொம்மைக் கடைகளில் விற்காத சரக்கைத் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுச் சரக்கோ பணமோ பெறுவது வழக்கம். 1982 கிறிஸ்துமஸ் பருவத்துக்குப் பின் கடைக்காரர்கள் அவ்வாறு திருப்ப முனைந்தபோது, சிறு தயாரிப்பாளர்களிடம் கொடுக்கப் பணமும் இல்லை, மாற்றித்தரச் சரக்கும் இல்லை. அத்தயாரிப்பாளர்களில் பலர் நிறுவனத்தையே மூடியிருந்தனர். கடைக்காரர்களுக்கு எஞ்சிய ஒரே வழி, 35 டாலர் விலையிட்ட கேட்ரிட்ஜ்களைத் தள்ளுபடிக் கூடைகளில் கொட்டி 5 டாலருக்கு விற்பதாக இருந்தது. ஐந்து டாலர் கூடையைக் கண்ட வாடிக்கையாளர் அதன் பக்கத்தில் முழு விலைக்கு இருந்த நல்ல விளையாட்டைத் தொடவில்லை. தரமற்ற சரக்கு தரமான சரக்கையும் சேர்த்து மூழ்கடித்தது இவ்வாறுதான்.

பெரிய நிறுவனமான அட்டாரியும் தன் பங்குக்குத் தவறிழைத்தது. 1982இல் வெளியிட்ட பேக்மேன் விளையாட்டு சுமார் 70 லட்சம் விற்றும், சுமார் 1 கோடியே 20 லட்சம் தயாரிக்கப்பட்டதால் மலைபோல் தேங்கியது. ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. திரைப்படத்துக்கு உரிமம் பெற மாதக்கணக்கில் பேச்சு நீண்டதால், கிறிஸ்துமஸுக்குள் விளையாட்டு கடைக்கு வரவேண்டிய கட்டாயத்தில் ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்ற ஒரே நிரலாளருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் ஐந்து வாரம் மட்டுமே. ஒரு விளையாட்டுக்கு வழக்கமாக ஐந்தாறு மாதம் ஆகும். அவசரத்தில் வந்த ஈ.டி. விளையாட்டு தோற்றது; அந்தத் தோல்வியின் பழி நெடுங்காலம் அவர் தலையில் சுமத்தப்பட்டது பெரும் அநியாயம். அந்த அட்டவணையை வகுத்தவர் அவர் அல்லர். 1982 டிசம்பர் 7ஆம் நாள் அட்டாரியின் உரிமையாளரான வார்னர் கம்யூனிகேஷன்ஸ், 50 விழுக்காடு வளர்ச்சி என்ற எதிர்பார்ப்பை 10 முதல் 15 விழுக்காடாகக் குறைத்து அறிவித்தவுடன் அதன் பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ நகரக் குப்பைமேட்டில் விற்காத கேட்ரிட்ஜ்கள் லாரி லாரியாகப் புதைக்கப்பட்டன. வெறும் வதந்தி என்று பலர் ஒதுக்கிவந்த இச்செய்தி, 2014 ஏப்ரலில் அவ்விடம் தோண்டப்பட்டபோது மெய்யானது. 1984 ஜூலையில் அட்டாரியின் வீட்டுக் கருவிப் பிரிவு ஜாக் டிராமியல் என்பவருக்குக் கைமாறியது. போட்டிக் கன்சோல்களைச் செய்துவந்த மேட்டல் அதே ஆண்டிலும் கோலேகோ அடுத்த ஆண்டிலும் இத்துறையை விட்டு விலகின.

இதே காலத்தில் ஜப்பானின் கியோட்டோ நகரில், 1889 முதல் ஹனாஃபுடா என்னும் பூப்படச் சீட்டுக்கட்டுகளைத் தயாரித்துவந்த நின்டெண்டோ நிறுவனம், 1983 ஜூலை 15ஆம் நாள் ஃபேமிகாம் என்ற கன்சோலை 14,800 யென் விலையில் வெளியிட்டது. மசாயுகி உயெமுரா வடிவமைத்த அக்கருவியின் முதல் தொகுதியில் சில்லுக் கோளாறு தெரியவந்தபோது, நிறுவனத்தின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி விற்றவற்றையெல்லாம் திரும்பப் பெற்று உள்பலகையை மாற்றித் தரச் செய்தார். புத்தாண்டு விற்பனைப் பருவத்தையே இழக்க நேர்ந்தும் அவர் எடுத்த இந்த முடிவில், பின்னர் அமெரிக்காவில் நின்டெண்டோ காட்டிய கண்டிப்பின் வித்து இருக்கிறது. அமெரிக்க வீழ்ச்சியை ஜப்பானியர் இன்றும் 'அட்டாரி அதிர்ச்சி' என்றே குறிப்பிடுகின்றனர். தரமற்ற விளையாட்டுகளின் வெள்ளமே அட்டாரியை அடித்துச்சென்றது என்பது யமாவுச்சி அதிலிருந்து கற்ற பாடம்.

ஃபேமிகாமை அமெரிக்காவில் விற்கும் உரிமையை அட்டாரிக்கே அளிப்பதற்கு 1983இல் நடந்த பேச்சு நிறைவேறாமல் போனதால், யமாவுச்சியின் மருமகன் மினோரு அரகாவா தலைமையிலான அமெரிக்கக் கிளையே அப்பொறுப்பை ஏற்றது. விசைப்பலகை, ஒலிநாடாப் பதிவி, கம்பியில்லாக் கைப்பிடிகள் ஆகியவற்றுடன் கணினி போலத் தோன்றுமாறு செய்த அட்வான்ஸ்டு வீடியோ சிஸ்டம் என்ற மாதிரியை 1985 ஜனவரியில் லாஸ் வேகஸ் வணிகக் கண்காட்சியில் வைத்தனர். பார்த்துப் பாராட்டியவர் உண்டு, வாங்க முன்வந்தவர் எவருமில்லை. கேட்ரிட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே தள்ளுபடிக் கூடையை நினைத்துக்கொள்ளும் கொள்முதல் அதிகாரிகளிடம் கருவியின் சிறப்பைப் பேசிப் பயனில்லை என்பது அங்கே புலப்பட்டது.

அதன்பின் லான்ஸ் பார் என்ற வடிவமைப்பாளர் அதே கருவிக்கு வேறொரு முகம் கொடுத்தார். சிவப்பும் வெள்ளையுமான ஃபேமிகாமின் பொம்மைத் தோற்றம் நீக்கப்பட்டு, சாம்பல் நிறப் பெட்டியாக, வீடியோ கேசட் பிளேயரைப் போல முன்பக்கக் கதவைத் திறந்து உள்ளே தள்ளி அழுத்தும் அமைப்புடன் நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக என்.ஈ.எஸ்., உருவாயிற்று. பெயர் தொட்டு எல்லாச் சொற்களும் மாற்றப்பட்டன: கன்சோல் 'கண்ட்ரோல் டெக்' ஆயிற்று, கேட்ரிட்ஜ் 'கேம் பேக்' ஆயிற்று. அந்தக் கேம் பேக் ஒன்றைத் திறந்து பார்த்தால், கையளவு பெட்டியின் கீழ்ப்பாதியில் மட்டும் சிறு மின்பலகை இருக்க, மேற்பாதி பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். பழைய கேட்ரிட்ஜின் சாயல் படாமலிருக்க வேண்டும் என்பதற்காக வெறுங்காற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

கடைக்காரரின் கண்ணைத் திருப்புவதற்கென்றே சேர்க்கப்பட்ட மற்றொன்று ராப் என்ற சிறு ரோபோ. அதன் கண்களில் இருந்த ஒளியுணரி தொலைக்காட்சித் திரை மினுக்கும் கட்டளையைப் படித்து, கைகளை ஏற்றி இறக்கித் திருப்பும். ஜைரோமைட் விளையாட்டில் அது ஒரு பம்பரத்தை எடுத்துச் சுழலியில் வைத்து, வேகம் பிடித்த பின் சிவப்பு அல்லது நீலத் தட்டில் இறக்கி வைக்கும். பம்பரத்தின் எடை தட்டை அழுத்த, தட்டு இரண்டாம் கைப்பிடியின் பொத்தானை அழுத்த, திரையில் அதே நிறத் தூண் நகர்ந்து விளையாட்டுப் பாத்திரத்துக்கு வழிவிடும். பிள்ளை தன் விரலால் ஒரு நொடியில் அழுத்தக்கூடிய பொத்தானுக்கு இத்தனை நீண்ட சுற்றுவழி. ராபுக்காக வெளிவந்தவை இரண்டே விளையாட்டுகள். எனினும் அது தன் வேலையைச் செய்து முடித்தது: வீடியோ கேமை வேண்டாமென்ற கடைகள் ரோபோ பொம்மையை வாங்கி அடுக்கின.

முதல் சோதனை விற்பனை 1985 அக்டோபரில் நியூயார்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 500 கடைகளில் தொடங்கியது. நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, அரகாவாவின் ஆட்கள் தாமே லாரியில் சரக்கேற்றிச் சென்று கடைகளில் அடுக்கினர். அவர்கள் அளித்த வாக்குறுதிதான் இம்மீட்சியின் அச்சாணி எனலாம்: கடைக்காரர் 90 நாள்வரை ஒரு காசும் தரவேண்டியதில்லை, அதற்குள் விற்றதற்குப் பணம் கொடுத்தால் போதும், விற்காததை நின்டெண்டோவே திரும்ப எடுத்துக்கொள்ளும். 1982 கிறிஸ்துமஸுக்குப் பின் திருப்ப முடியாத சரக்கால் அடிபட்ட கடைக்காரருக்கு, திருப்பலாம் என்ற உறுதியைவிட வேறு எந்த விளம்பரமும் மருந்தாகியிருக்காது. 1986 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸிலும், பிறகு சிகாகோ முதலிய நகரங்களிலும் விற்பனை விரிந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் நாடு முழுவதும் பரவியது.

வெள்ளம் மீண்டும் வராமலிருக்க வைத்த மதகுதான் கருவியின் உள்ளே இருந்த பூட்டு. ஃபேமிகாமில் இல்லாத இச்சில்லுக்கு 10என்.ஈ.எஸ். என்று பெயர். கன்சோலில் ஒன்றும் ஒவ்வொரு கேட்ரிட்ஜிலும் ஒன்றுமாக இருக்கும் இவ்விரு சில்லுகளும் மின்சாரம் பாய்ந்தவுடன் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு விடைகளை ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும். விடை பொருந்தாவிட்டால் பூட்டு கன்சோலை விநாடிக்கு ஒருமுறை அணைத்து அணைத்து எழுப்பும். கேட்ரிட்ஜில் இருக்கும் சாவிச் சில்லை நின்டெண்டோ மட்டுமே தரமுடியும் என்பதால், கேட்ரிட்ஜ் தயாரிப்பும் அதன் கைக்கே வந்தது. அன்றைய விதிகளின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது. அவ்விளையாட்டுகளை இரண்டு ஆண்டுக்கு வேறு கருவிக்குத் தரக் கூடாது. ஆயிரக்கணக்கான பிரதிகளுக்கு முன்பணம் கட்டி நின்டெண்டோவிடமே செய்யக் கொடுக்கவேண்டும். விற்காமற்போனால் நட்டம் உரிமம் பெற்றவருடையது. ஐந்து என்ற எல்லையால் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமுள்ளவற்றில் சிறந்ததையே தேர்ந்தெடுக்க நேர்ந்தது. கொனாமி நிறுவனம் அல்ட்ரா கேம்ஸ் என்ற துணைப்பெயரில் மேலும் சில விளையாட்டுகளை வெளியிட்டு அந்த எல்லையைச் சற்றே அகட்டிக்கொண்டது.

பூட்டு மட்டும் இருந்து விளையாட்டு இல்லாதிருந்தால் மீட்சி நிகழ்ந்திராது. நின்டெண்டோ வடிவமைப்பாளர் ஷிகெரு மியமோட்டோவின் குழு படைத்து 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், பக்கவாட்டில் நகர்ந்து நீளும் உலகத்தைக் காட்டி, ஆடுபவர் கற்கவேண்டியதை அவர் ஆடும்போதே கற்பிக்கும் நயத்தால் என்.ஈ.எஸ்.க்கு முகமாயிற்று. 1990 அளவில் அமெரிக்க வீடுகள் நூற்றில் ஏறக்குறைய 30இல் அக்கருவி இருந்தது. உலகெங்கும் ஃபேமிகாமையும் சேர்த்து 6 கோடியே 19 லட்சம் கருவிகள் விற்றன.

கடைக்காரரின் அச்சம் தீர்க்கச் செய்த இரண்டு ஏற்பாடுகளும் பிள்ளைகளின் கையில் ஒரு தொல்லையாக ஒன்றுசேர்ந்தன. உள்ளே தள்ளி அழுத்தும் துளையின் 72 முனைகளும் நாளடைவில் தளர, இணைப்பு சரியாகப் படாத கேட்ரிட்ஜின் விடை பூட்டை எட்டாமல் போக, சொந்தக் காசில் வாங்கிய நேர்மையான விளையாட்டையும் கருவி போலி என்றே எண்ணிச் சிவப்பு விளக்கை மினுக்கியது. கேட்ரிட்ஜை உருவி, அதன் வாயில் ஊதி, மீண்டும் செருகுவது ஒரு தலைமுறையின் பழக்கமாயிற்று. எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும் என்பதால் ஊதுவது தீங்கே. வெளியே எடுத்து மீண்டும் செருகியதே பலன் தந்தது.

பூட்டின் கண்டிப்பு வணிகப் போட்டியாளரையும் உறுத்தியது. பழைய அட்டாரியின் ஆர்கேட் பிரிவிலிருந்து வந்த அட்டாரி கேம்ஸ் நிறுவனம், டெங்கன் என்ற பெயரில் உரிமமின்றி விளையாட்டுகளை வெளியிட்டு 1988இல் வழக்காடியது. பூட்டின் நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பொய்க் காரணம் காட்டிப் பெற்றது வெளிப்பட்டதால் 1992 தீர்ப்பு அதற்குப் பாதகமாயிற்று. கடைகளில் விலையை நிலைநிறுத்த அழுத்தம் கொடுத்ததாக எழுந்த புகாரில், வாங்கியவர்களுக்கு 5 டாலர் தள்ளுபடிச் சீட்டு வழங்க 1991இல் நின்டெண்டோ இசைந்தது. மூடிய அலமாரியைத் திறந்த அதே கைதான் பிறருக்கு அதை இறுக்கியது என்ற போட்டியாளர்களின் குறையை ஒதுக்கிவிட முடியாது.

பூட்டில்லாத ஃபேமிகாமோ வேறொரு வாழ்வைப் பெற்றது. அதைப் பார்த்துச் செய்த மலிவுக் கருவிகள் ஆசியா முழுவதும் பெருகின. 1990களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'கேசட்' என்றழைத்து, ஒரே பெட்டியில் பல விளையாட்டு என்ற ஆசையுடன் செருகிய மஞ்சள் கேட்ரிட்ஜ்கள் இவ்வழி வந்தவையே. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு 50 டாலர் விலையில் என்.ஈ.எஸ்.ஸின் புதிய வடிவம் ஒன்றை நின்டெண்டோ வெளியிட்டது. கேட்ரிட்ஜை மேலிருந்து நேராகச் செருகும் அச்சிறு கருவியில் 10என்.ஈ.எஸ். சில்லு இடம்பெறவில்லை.