கடாரத்துத் துறைகளும் கடல்சார் தொல்லியல் பயிற்சியும்

முன்னுரை

கடாரம் என்னும் பெயர் தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலை காழகத்தையும் குறிப்பிடுகின்றது. அக்காழகத்தைக் கடாரம் என நச்சினார்க்கினியர் கொள்வார். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து நடத்திய படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. இவ்விரு சான்றுகளையும் நாம் வகுப்பறைகளில் இடைவிடாது கற்பித்து வருகிறோம். ஆயினும் இவை இரண்டும் கடலின் அக்கரையில் எழுந்தவை. நாம் வாழும் இக்கரையின் சான்றுகள் மண்ணிலும் ஆற்று வண்டலிலும் கடலடியிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பதிவு செய்து காக்கும் துறையே கடல்சார் தொல்லியல் ஆகும். அத்துறையில் தமிழ் கற்றோர் பயிற்சி பெறவேண்டியதன் தேவையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்குக் கரையின் சான்றுகள்

பினாங்குத் தீவு 1786ஆம் ஆண்டிலும், எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறை 1800ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. அதற்கு முன்னர் இரண்டும் கெடாவின் பகுதிகளாகவே இருந்தன. ஆகவே, கடாரத்தின் வரலாறு பினாங்கின் வரலாறும் ஆகும்.

1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். தூபி வடிவம் செதுக்கப்பெற்ற அக்கல் கி.பி. 5ஆம் நூற்றாண்டினது என்பர். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன், தன் பயணம் நன்கு நிறைவேற வேண்டிப் பொறித்த சமஸ்கிருத வாசகம் அதில் உள்ளது. அவ்வூர் வங்கத்தில் இருந்ததென்று ஆய்வாளர் பலர் கருதுவர். மன்னன் பெயரன்றிக் கப்பலோட்டி ஒருவனின் பெயர் இக்கரையில் நிலைத்திருப்பது எண்ணத்தக்கது. அக்கல் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது.

பினாங்குத் துறைமுகத்தின் நீரடியும் வரலாற்றுக் களமேயாகும். 1914 அக்டோபர் 28ஆம் நாள் செருமானியப் போர்க்கப்பல் எம்டன், உருசிய நாட்டுக் கப்பலான ஜெம்சுகை இத்துறைமுகத்திலேயே மூழ்கடித்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னர்ச் சென்னையைத் தாக்கியதும் அதே எம்டன்தான். அப்பெயர் தமிழ்ப் பேச்சுவழக்கில் இன்றும் வாழ்கின்றது.

இழப்புகள் கற்பிக்கும் பாடம்

1817ஆம் ஆண்டில் கன்டோனிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற டயானா என்னும் வணிகக் கப்பல் மலாக்காவிற்கு அருகே மூழ்கியது. 1993ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்டது. மீட்கப்பட்ட பீங்கான் பொருள்கள் ஏறத்தாழ 24,000. அவற்றுள் பெரும்பகுதி 1995ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டது. சென்னைச் சந்தைக்கெனச் சென்ற ஒரு முழுச் சரக்கின் தொகுப்பு இவ்வாறு சிதறிப்போயிற்று. ஒரு தட்டின் விலையை ஏலம் கூறும். அத்தட்டு எந்தச் சரக்கோடு, எந்த அடுக்கில், எவருக்காக ஏற்றப்பட்டது என்பதைக் கிடந்த நிலையின் பதிவே கூறும்.

நிலத்திலும் இழப்பு நேர்ந்துள்ளது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண்ணிட்ட சண்டி, அதாவது பழங்கோயிலின் எச்சம், 2013ஆம் ஆண்டில் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நீரடி மரபுச் சின்னங்களுக்கும் அதில் இடமுண்டு. எனினும், ஒரு சின்னத்தை இன்னதென அடையாளங்கண்டு பதிவு செய்யும் ஆள்கள் இல்லாவிடத்துச் சட்டம் மட்டும் காவலாகாது.

பயிற்சியின் இயல்பு

நீரில் மூழ்கத் தெரிந்தவர் யாவரும் தொல்லியலாளர் ஆகிவிடுவதில்லை. மலாக்கா நீரிணையின் நீர் கலங்கலானது, நீரோட்டமும் வலியது. ஒலியலைக் கருவியால் கடலடியை அளத்தல், மங்கிய நீரில் அளவு நாடாவைக் கொண்டு வரைபடம் வரைதல், படமெடுத்தல் ஆகியவை முதற்படிகள். பொருளை மேலே கொண்டுவந்த பின்னரே பெரும்பணி தொடங்கும். நெடுங்காலம் நீரில் ஊறிய மரம் சட்டென உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். மட்கலங்களில் ஏறிய உப்பைப் பன்முறை நன்னீரில் ஊறவைத்து நீக்க வேண்டும். காக்கும் வசதியின்றி ஒன்றை வெளியே எடுப்பதைவிட அதனை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பது மேல்.

அண்டை நாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் பூம்புகாருக்கு அப்பால் கண்டறிந்த கப்பலில் 1791, 1792 என ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகள் கிடைத்தன. கப்பலின் காலத்தை அவ்வெழுத்துகளே காட்டின. இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659ஆம் ஆண்டில் மூழ்கிய ஒல்லாந்துக் கப்பல் அவொன்ட்ஸ்டரின் ஆய்வு, உள்நாட்டு ஆய்வாளர்க்குப் பயிற்சிக்களமாகவும் அமைந்தது. தாய்லாந்தின் சந்தபுரியில் யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டு முதல் வட்டாரப் பயிற்சிகளை நடத்தியது.

தமிழ்க் கல்வியின் பங்கு

தாய்லாந்தின் கிராபி மாவட்டத்தில் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்லை மண்ணிலிருந்து எடுக்கத் தொல்லியல் போதும். அது தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவனின் உடைமை என்று உணர்த்த எழுத்தறிவும் மொழியறிவும் வேண்டும். இவ்விரு அறிவும் ஒருவரிடமே அமையுமாயின் ஆய்வு சிறக்கும்.

அதற்கான வாய்ப்பு பினாங்கிலேயே உண்டு. இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வு மையம் 2009ஆம் ஆண்டு தொடங்கிச் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய களங்களும் ஆற்றங்கரைத் துறைமேடைகளும் வெளிப்பட்டன. இந்திய ஆய்வியல் மாணவர்கள் கல்வெட்டெழுத்துப் பாடத்தோடு களப்பயிற்சியும் பெறுதல், அதற்கெனச் சிறு உதவித்தொகை ஏற்படுத்துதல், தமிழாசிரியர்கள் இக்களங்களை மாணவர்க்கு நேரில் காட்டுதல் ஆகிய மூன்றும் நம்மால் இயல்வனவே.

முடிவுரை

கடாரத்தைப் பற்றி நாம் பெருமையோடு பேசுவது மிகுதி. அதன் துறைகளை அளந்து பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. இலக்கியம் பெயரைக் காத்துத் தந்தது. அப்பெயருக்குரிய இடத்தைக் காப்பது பயிற்சி பெற்ற கைகளால்தான் இயலும். வண்டலும் கட்டுமானமும் ஆண்டுதோறும் பரவிவரும் கரையில் அப்பணிக்குரிய காலம் நீண்டதன்று.