சிப்பியும் பகடையும்: முத்துக்குளித்துறையில் விளையாட்டும் கிறித்தவ வாழ்வும்

விளையாட்டுப் பலகையில் மோட்சத்துக்கு வழி காட்டுவது தமிழர்க்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். மேலைநாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர்களும் இப்படிப் பலகைகள் செய்தார்கள். 1843இல் அமெரிக்காவின் சேலம் நகரில் வெளியான 'மகிழ்ச்சி மாளிகை' என்னும் ஆட்டத்தில் நற்குணக் கட்டங்கள் காயை முன்னே ஏற்றும். தீக்குணக் கட்டங்கள் பின்னே தள்ளும். பகடை சூதாடியின் கருவி என்று அதை ஒதுக்கிவிட்டு, எண் பொறித்த சிறு பம்பரத்தைச் சுழற்றினார்கள். பம்பரம் எந்த எண்ணில் சாயும் என்பதும் யார் கையிலும் இல்லை என்பதை அந்தப் பக்திமான்கள் பொருட்படுத்தவில்லை போலும்.

வேம்பாறு முதல் மணப்பாடு வரையிலான முத்துக்குளித்துறையில், அதிர்ஷ்டத்தை என்ன செய்வது என்ற இந்தச் சிக்கல் வேறு உருவில் வந்தது. இங்கே பகடை உருண்டது வீட்டுத் திண்ணையில் மட்டுமல்ல; பிழைப்பே அதிர்ஷ்டத்தை நம்பி இருந்தது. ஆகவே இக்கரையில் கிறித்தவமும் விளையாட்டும் சந்தித்த வரலாற்றைத் தாயக்கட்டத்தில் மட்டும் தேடினால் போதாது. மறைக்கல்வி, முத்துச் சலாபம், கூத்து மேடை, பள்ளி மைதானம் என்று பல இடங்களில் தேட வேண்டும்.

1530களின் நடுவில் இக்கரையின் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். விளையாட்டைப் பொறுத்தவரை அவர் சார்ந்த மரபு கடுகடுப்பானதல்ல. 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ், உடலுக்கு ஓய்வு போல உள்ளத்துக்கு விளையாட்டு வேண்டும் என்று வாதிட்டிருந்தார். எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்ற பழங்கதையை அதற்குச் சான்றாகவும் காட்டினார். சிரிப்பும் விளையாட்டும் அறவே இல்லாதவனிடம் ஒரு குறை இருக்கிறது என்பது அவர் முடிவு. சவேரியாரின் குரு இஞ்ஞாசியார், பாரிசில் ஓர் இறையியலாளரோடு பில்லியர்ட்ஸ் ஆடியதாக இயேசு சபையில் ஒரு கதை உண்டு. தோற்றவர் வென்றவர் சொற்படி முப்பது நாள் நடக்க வேண்டும் என்பது பந்தயம். இஞ்ஞாசியார் வென்றாராம், தோற்றவர் ஒரு மாதம் ஞானப் பயிற்சியில் அமர்ந்தாராம்.

இக்கரையில் சவேரியார் நம்பியது பெரியவர்களை அல்ல, பிள்ளைகளை. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம் முறையை அவரே விவரிக்கிறார். இருமொழி அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கினார், மனப்பாடம் செய்தார், பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒன்று சொல்ல, கூட்டம் ஒரே குரலில் எதிர்மொழி தரும். ஏதேனும் ஒரு செபம் சொல்லித்தரும்வரை தம்மை உண்ணவும் உறங்கவும் பிள்ளைகள் விடவில்லை என்கிறார். நோயாளிகள் அழைத்தால் தமக்குப் பதில் பிள்ளைகளையே அனுப்பினார். கைகட்டி வாய்ப்பாடு ஒப்பிப்பதைவிட, ஒருவன் கூவ மற்றவர்கள் திருப்பிக் கூவும் தெருவாட்டத்துக்கே இது நெருக்கம். வாயில் பாட்டாக ஏறியதால்தான், ஓராண்டு ஈராண்டில் கிளம்பிப்போன ஒருவரின் பாடம் தலைமுறைகளுக்கு நின்றது என்பது என் எண்ணம். அதே பிள்ளைகள் வீட்டுச் சாமிச் சிலைகளைக் காட்டிக்கொடுத்து உடைக்கவும் செய்தார்கள் என்பதையும் அக்கடிதம் பெருமையோடு சொல்கிறது. இதைப் படித்துவிட்டு அந்த உற்சாகத்தை வெறும் குழந்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இந்தக் கல்விக்கான பணமும் முத்திலிருந்தே வந்தது. இக்கரை வருவாயில் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதை மறைக்கல்விக்குத் தரும்படி சவேரியார் அரசி கத்தரீனாவை வேண்டிப் பெற்றார்.

சூதாட்டத்தில் சவேரியார் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குப் பிற்காலச் சரித்திரங்கள் ஒரு கதை சொல்கின்றன. கப்பலில் தன் பணத்தோடு பிறர் பணத்தையும் தோற்றுவிட்ட ஒரு படைவீரன் உயிரை விடத் துணிகிறான். சவேரியார் ஆட்டக் கருவியை வாங்கித் தம் கையில் சற்று வைத்திருந்து திருப்பித் தருகிறார். இழந்ததெல்லாம் மீள்கிறது, அதோடு ஆட்டத்தை விடும்படி அவனிடம் வாக்கு வாங்குகிறார். திருக்குறளின் சூது அதிகாரத்தைப் படித்து வளர்ந்தவர்க்கு இது விசித்திரமாகவே படும். இங்கே புனிதர் அதிர்ஷ்டத்தை மறுக்கவில்லை. ஒருமுறை தம் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

கடலிலும் இதே மனநிலைதான் இருந்தது. முத்துச் சலாபத்தின் நடைமுறையைப் பார்த்தால் விளங்கும். நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் படகுகள் கிளம்பும். விடியும்போது சிப்பி விளையும் பாரின் மேல் நிற்கும். குளியாளி ஒரு கல்லில் காலை வைத்துக் கயிற்றோடு இறங்குவார். ஒரு நிமிடம் அளவே கீழே இருப்பார். கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக் கயிற்றைச் சுண்டுவார். கரைக்கு வந்த குவியலில் ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மீதி குளித்தவர்க்கு. பிறகுதான் உண்மையான ஆட்டம். சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அவற்றை அழுகவிட்டு அலசிப் பார்த்தால்தான் செட்டியாரா ஆண்டியா என்பது தெரியும். சிப்பி விளைவதிலும் நிச்சயம் கிடையாது. பார் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, திடீரென ஒரு பருவம் வாய்க்கும்.

இத்தகைய தொழிலில் தூத்துக்குடியின் பனிமய மாதாவுக்கு நேர்ச்சையும், சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டியின் மந்திரமும் அருகருகே நின்றதில் வியப்பில்லை. கடல்கட்டி கரையில் சடங்கு செய்யாமல் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள்; சலாபத்தை நடத்திய அரசே அவருக்கு இடம் கொடுத்தது. இலங்கைச் சலாபத்தைப் பற்றி 1859இல் எழுதிய எமர்சன் டென்னன்ட், பரம்பரையாக இத்தொழில் செய்த குடும்பத்தின் அன்றைய தலைவர் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். மந்திரத்தின் வலிமைக்கும் அவர் மதத்துக்கும் தொடர்பிருப்பதாக யாரும் கருதவில்லையாம். இதை 'மூடநம்பிக்கையின் எச்சம்' என்று தள்ளிவிடும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. மடியில் போடும் சீட்டின் முடிவு ஆண்டவருடையது என்கிறது நீதிமொழிகள் நூல். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் தேர்ந்ததும் சீட்டுப் போட்டுத்தான். தற்செயலைக் கடவுளிடம் ஒப்படைக்கும் வழக்கம் விவிலியத்திலேயே இருக்க, கடலோடிகள் அதைத் தமக்குத் தெரிந்த வழியில் செய்தார்கள்.

சிலுவைக் கதையிலும் பகடை இருக்கிறது. சிலுவையடியில் படைவீரர்கள் இயேசுவின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டதால், ஐரோப்பிய ஓவியங்களில் ஆணி, சுத்தியல், முள்முடியோடு பகடைக்கும் இடம் கிடைத்தது. தமிழ்க் கடற்கரையில் இக்கதை ஓவியத்தைவிடப் பாஸ்கு நாடகத்திலேயே அதிகம் வாழ்ந்தது. புனிதர் கதைகளும் மேடையேறின. இயேசு சபையின் அண்டிரிக் அடிகளார் 1586இல் அச்சிட்ட 'அடியார் வரலாறு' அக்கதைகளைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தது. எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி போன்ற கதைகள் பின்னாளில் கூத்து ஆசான்களான அண்ணாவியார் கையில் கூத்தாயின. மன்னார், யாழ்ப்பாணக் கரையில் வாசாப்பு என்ற பெயரில் ஆடப்பட்டன. டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தும் பரதவரைத் தம் சபைக்கு இழுக்க முடியவில்லை. தேரும் கூத்தும் சுரூபமும் இல்லாத வழிபாடு இவர்களுக்கு ஒட்டவில்லை என்பதையும் அதற்கொரு காரணமாகச் சேர்க்கலாம். 1806இல் பரதவரின் சாதித்தலைவன் முயற்சியில் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் ஓடியபோது திருவிழா ஊர் முழுவதற்குமான ஆட்டக் களமாகவே ஆகிவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் விளையாட்டுக்குச் சபைகள் தந்த விளக்கமே மாறியது. 1891இல் கூடைப்பந்தும் 1895இல் கைப்பந்தும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறித்தவ சங்கம்) கூடங்களில் பிறந்தவை, கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வழியாக இவ்வாட்டங்கள் பள்ளி மைதானங்களுக்குப் பரவின. கட்டுடலும் கூட்டு ஒழுக்கமும் நற்கிறித்தவனின் அடையாளம் என்ற பாடமும் கூடவே வந்தது. இந்த விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்கு மதிப்பில்லை, பயிற்சிக்குத்தான் மதிப்பு. பரமபதத்திலும் சலாபத்திலும் பழகிய கரைக்கு இது அந்நியமான கணக்கு. ஆனால் முத்தும் அப்போது கைவிட்டுக்கொண்டிருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புக்குப் பின் தூத்துக்குடியில் பெருஞ்சலாபம் எதுவும் கூடவில்லை.