அடிமையோலையும் அடிமையின் சொல்லும்

1620 முதல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி, 1845இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு, அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். ஆண்டைகளின் பெயர்களையும் சவுக்கடிகளையும் பதிந்த அந்நூல், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் ஆயுதமாயிற்று.

தமிழகத்தில் நமக்கு எஞ்சியவை அடிமையோலைகள். அவை மனிதரை விற்றவரும் வாங்கியவரும் எழுதிக்கொண்டவை. விற்கப்பட்டவரின் சொல் அவற்றில் இல்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமைமீது எவரும் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆனால் நிலமும் குடியிருப்பு மனையும் ஆண்டையிடமே இருந்தன. தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒரு நூற்றாண்டு நீடித்தன. பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டு தம் துன்பத்தைத் தாமே பேசிய பின்னரே, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. உயிர்தப்பியோரின் வாய்மொழியோ ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தில் நிலைத்திருக்கிறது. நம் சேரிகளின் முதியோர் நினைவில் உள்ளதையும் இன்றே பதிவுசெய்வோம். தவறினால், வரலாற்றுக்கு ஆண்டைகளின் ஓலைகளே சாட்சியாகும்.