தருமபுரிக்கு வந்த பாதிரிமார்கள்

17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலூன்றிய மைசூர் மிஷனில் இத்தாலியச் சேசு சபையினரே முன்நின்றார்கள். பிற்பாடு மைசூர் ஆட்சிக்குள் போன தருமபுரிச் சீமைக்கும் அந்தக் காற்று வீசியது. 1773இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்தார். ரோமில் போட்ட கையெழுத்து இங்குள்ள கிராமங்களை ஆயரில்லாத மந்தையாக்கியது. பிறகு பொறுப்பேற்றவர்கள் பாரீஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக்காரர்கள்.

ஆனாலும் வழிபாட்டில் ஐரோப்பா மட்டும் நிற்கவில்லை. கொடியேற்றம், சப்பரத்தில் சுரூபம், காணிக்கையாக உப்பும் மிளகும்: தமிழ்க் கத்தோலிக்கத் திருவிழாவை மக்களே தங்கள் வழக்கப்படி அமைத்துக்கொண்டார்கள். பாதிரிமார் கொண்டுவந்ததைவிட இதுவே ஆழமாக வேர்விட்டது எனலாம்.

1930இல் சேலம் மறைமாவட்டம் பிறந்தது. அதிலிருந்து 1997இல் தருமபுரி பிரிந்தது. முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ், இத்தாலியில் தோன்றிய சலேசிய சபையைச் சேர்ந்த தமிழர். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதும் மறைமாவட்டம் பிரியவில்லை.