பாதாளத்தில் இறங்கிய எந்தை

மாமல்லபுரம் வட்டாரக் கடற்கரையில் வராகப் பெருமாளுக்கு இரண்டு தலங்கள். பூமிப் பிராட்டியை இடப்பக்கம் ஏந்தியவர் திருவிடந்தையில் இருக்கிறார். வலப்பக்கம் ஏந்தியவர் மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில். 'இட எந்தை' திருவிடவெந்தையாகி, பின்பு திருவிடந்தை என மருவியது. 'வல எந்தை' திருவலவெந்தை ஆனது. இது வைணவ மரபு சொல்லும் விளக்கம். எந்தை என்றால் என் தந்தை. அசுரன் இரணியாட்சன் பூமியைக் கடலடிப் பாதாளத்தில் ஒளித்து வைக்க, பன்றி உருவில் மூழ்கி அவளை மீட்டு வந்தவரை இந்தக் கரை தகப்பன் முறை சொல்லியே அழைத்திருக்கிறது.

அந்த மீட்பைக் கல்லில் பார்க்க மாமல்லபுரத்தின் இன்னொரு குடைவரையான வராக மண்டபத்துக்குப் போக வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மாமல்லன் நரசிம்மவர்மன் குடைவித்தது என்பது பரவலான கருத்து. மாமல்லபுரம் முழுவதுமே அவனுக்குப் பின் வந்த ராஜசிம்மன் பணி என்றார் தொல்லியலாளர் இரா. நாகசாமி. மத்தியப் பிரதேசத்து உதயகிரியில், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்தர் காலத்துச் சிற்பி வடித்த வராகம் மலைபோல் நிமிர்ந்து நிற்கிறது. பூமிதேவி அதன் கொம்பைப் பற்றித் தொங்குகிறாள். பல்லவச் சிற்பிக்கு அந்த மிடுக்கு வேண்டியிருக்கவில்லை. இங்கே பூமிதேவி, வராகர் உயர்த்திய தொடையில் அமர்ந்திருக்கிறாள். பன்றி முகம் அவளை நோக்கிக் குனிகிறது. காலடியில் தாமரைகளோடு நீர், அதிலிருந்து எழும் நாகம் கைகூப்புகிறது. அசுரனைக் காணோம். கதையின் பயங்கரம் எல்லாம் முடிந்த பிறகான கணம் அது. பன்றியோ பல்லவரின் பகைவரான வாதாபிச் சாளுக்கியரின் சின்னம். சிற்பி அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

எதிர்ச்சுவரில் உலகளந்த திரிவிக்கிரமன். ஒரு சுவரில் பாதாளத்திலிருந்து ஒருத்தி மேலே வருகிறாள். மறு சுவரின் கதையில் மாபலி அங்கே அனுப்பப்படுகிறான். அவன் பெயரால்தான் ஊர் மகாபலிபுரம் என்றும் வழங்கியது. ஆங்கிலேயரான வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் வெளியான தம் கட்டுரையில் உள்ளூரார் சொன்ன மாபலி மரபுக் கதைகளைப் பதிவு செய்தார். பலியின் மகன் பாணாசுரன் சிறைவைத்த தன் பேரன் அநிருத்தனை மீட்கக் கண்ணன் படையோடு வந்ததும் அவற்றில் ஒன்று.

கடற்கரைக் கோயில் வளாகத்தில் இன்னொரு வராகம் உண்டு. இது முழு விலங்கு உருவம். பூமிதேவி இல்லை, தலை தாழ்ந்திருக்கிறது. இன்னும் மூழ்கவில்லை, மூழ்கப் போகிறது என்று கொள்ளலாம். பீடத்தில் ராஜசிம்மனின் விருதுப் பெயர்கள். பூமியைத் தேடிக் குனிந்த இந்தப் பன்றியையே மண் மூடிவிட, 1990இல்தான் தொல்லியல் துறையினர் அதைத் தோண்டி எடுத்தார்கள்; அருகில் வட்டக் கிணறும் சிறு கோயிலும் கிடைத்தன.

சிற்பங்களில் நின்றுபோன கதை திருவிடந்தையில் வழக்கமாகத் தொடர்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய தலம் இது. காலவ முனிவர் தம் 360 பெண்களுக்கு மாப்பிள்ளை தேடித் தவிக்க, பெருமாள் நாளுக்கு ஒருத்தியாக மணந்து, கடைசி நாளில் எல்லோரையும் ஒரே நாச்சியாராக்கிக்கொண்டார் என்பது தலபுராணம். நித்திய கல்யாணப் பெருமாள் என்ற பெயர் அதனால் வந்தது. இங்கே அசுரனிடமிருந்து மீட்பு இல்லை; பெண்ணைப் பெற்றவரின் கவலையிலிருந்துதான். இன்றும் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலைகள் சாத்தி, அவற்றில் ஒன்றை வாங்கிக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம் வருகிறார்கள். மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி, மணமான பின் காய்ந்த அந்த மாலையோடு தம்பதியாக மறுபடி வருகிறார்கள்.