காணாமப் போன விமானமும் உத்திரமேரூர்ச் சுவரும்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துல இருக்கிற என் சித்தி பையன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ல ஸ்கிம்மர் விமானத்தையே காணோம்ணா. கடையில கேட்டா விண்டோஸை அழிச்சு ஃபார்மட் பண்ணணும்ங்கிறாங்க. பண்ணிடவா?" அவனோட காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்லதான் இருக்கு. வேண்டாம்னு சொன்னேன். ஏன்னா இந்தப் பிரச்சினைக்கு ஒரு வரலாறு இருக்கு.

சான் ஆண்ட்ரியாஸ் பிசிக்கு வந்தது 2005-ல். விண்டோஸ் 11-க்கு 24எச்2 அப்டேட் வந்தது 2024-ல். அதைப் போட்டதும் தண்ணியில இறங்குற ஸ்கிம்மர் மட்டும் மறைஞ்சுபோச்சு. பழி யார் மேல விழும்? புது விண்டோஸ் மேலதான். ஆனா சைலண்ட் என்கிற பேர்ல இயங்குற ஒரு மாடர் குடைஞ்சு பார்த்து, 2025 ஏப்ரலில் உண்மையான காரணத்தை எழுதினார்.

கேமோட வண்டிப் பட்டியல் ஃபைல்ல ஒவ்வொரு விமானத்துக்கும் சக்கர அளவு இருக்கணும். ஸ்கிம்மருக்கு மட்டும் இல்லை. முந்தைய வைஸ் சிட்டி கேம்ல அது படகுக் கணக்குல இருந்தது. படகுக்கு எதுக்குச் சக்கரம்? அடுத்த கேம்ல விமானமா மாத்தினாங்க, அந்த இடத்தை நிரப்பல. அளவு இல்லைன்னா என்ன செய்யணும்னு கோடுலயும் சொல்லல. அதனால அதுக்கு முன்னாடி படிச்ச ஒரு வேனோட அளவு மெமரியில மிச்சம் கிடந்ததே, அதையே கேம் எடுத்துக்கிச்சு. இத்தனை வருஷமா அதிர்ஷ்டத்துலதான் பறந்திருக்கு! புது விண்டோஸ் அந்த மெமரி இடத்தை வேற வேலைக்குப் பயன்படுத்தினதும், அங்க குப்பை எண் வந்து உட்கார்ந்துடுச்சு.

ஃபார்மட் பண்ணினா என்ன ஆகும்? கேமைத் திரும்பப் போடும்போது அதே ஃபைல், அதே காலி இடத்தோட வரும். அந்த எண்களை நிரப்பினாலே போதும்.

விதியில விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிச்சு எழுதி நிரப்புறதுக்கு அவன் ஊர்ப் பக்கமே ஒரு பழைய சாட்சி இருக்கு: உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-ல், ஊர்ச் சபை குடவோலைத் தேர்வுக்கு விதி எழுதி வெச்சது. ஊரில் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. வயசு 30-க்கு மேல, 60-க்குள்ள. ரெண்டே வருஷத்துல, 921-ல், அந்த விதியைத் திருத்தினாங்க. வயசு 35 முதல் 70 வரைன்னு ஆச்சு. ஓலை எடுக்கிற முறையையும் படிப்படியா எழுதினாங்க. குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடிக்கணும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத சின்னப் பையன்தான் ஓலையை எடுக்கணும். மத்தியஸ்தர் அதை அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். அவர் படிச்ச பேரை அங்க இருக்கிற கோயில் நம்பிமாரும் படிக்கணும். ஒவ்வொரு வரியும் ஏமாத்த வாய்ப்பிருக்கிற ஒரு சந்தை அடைக்குது.

ஆனா அதே சுவர்ல, சொந்த நிலம், சொந்த வீடு, வேதப் படிப்புன்னும் தகுதி இருக்கு. அது இல்லாத ஊர்க்காரங்க பேருக்குக் குடத்துல ஓலையே கிடையாது. 921-ல் திருத்தினவங்களும் அதைப் பழுதுன்னு நினைக்கல.

அதனால எதையாவது சரி பண்ண உட்காரும்போது, எந்த வரி தப்புன்னு மட்டும் தேடாதீங்க. எந்த வரி எழுதப்படவே இல்லைன்னும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.